நெடுநாள் நின்ற பழைய லாரியைக் கிளப்ப: கோளாறு வாரியாக

காட்பாடியைத் தாண்டி ஒரு மாந்தோப்பின் ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு மூன்று லாரி வைத்திருக்கிறோம். ஒன்று, மூக்கில் பென்ஸ் நட்சத்திரம் உள்ள டாடா-பென்ஸ். வாணியம்பாடியிலிருந்து மெட்ராஸுக்குத் தோல் ஏற்றிய வண்டி, நைனா ஓட்டியது. இன்னொன்று அம்மூண்டி ஆலைக்குக் கரும்பு அடித்த லேலண்ட் காமெட். மூன்றாவது, சென்னை சிம்ப்சனில் செய்த பெர்க்கின்ஸ் பி6 இன்ஜின் பூட்டிய ஃபார்கோ. டாடாவும் பென்ஸும் 1954-ல் சேர்ந்து 1969-ல் பிரிந்தன. அதனால் நட்சத்திரம் ஒட்டிய வண்டி எதுவானாலும் அரை நூற்றாண்டைத் தாண்டியதுதான். இருந்தும் 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியில் இரு சக்கர வண்டிக்கும் காருக்கும்தான் இடம், லாரிக்கு இல்லை. அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஆம்பூரிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ யாராவது போன் செய்தால் கேள்வி ஒன்றுதான்: "எட்டு மாசமா நிக்குது, எடுக்க மாட்டேங்குது." இவை ஓடிக் கெட்ட வண்டிகள் இல்லை, நின்று கெட்ட வண்டிகள். அதை நினைவில் வைத்தால் பாதிச் செலவு மிச்சம். தேய்மானத்தைத் தேடாதீர்கள், துரு, தூசி, காற்று, தண்ணீர், எலி என்று தேடுங்கள்.

தொடுவதற்கு முன் மூன்று பொருள் பக்கத்தில் இருக்கட்டும். ஏர் கிளீனர் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகை, சக்கரத்துக்கு அணை கொடுக்க இரண்டு கட்டை, ஒரு டெஸ்ட் லாம்ப். பலகை எதற்கென்று போகப் போகத் தெரியும்.

செல்ஃப் போட்டால் இன்ஜின் அசையவே இல்லை

*டக் என்ற சத்தம்கூட இல்லை*

பேட்டரி முனைகளைக் கழற்றி, வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, பளபளவென்று சுரண்டி மாட்டுங்கள். அடுத்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டை. அதன் போல்டுக்கு அடியில் ஐம்பது வருடப் பெயிண்டும் துருவும் இருக்கும். இரும்பு தெரியும்வரை தேயுங்கள். இப்படிப் பலமுறை போன் வந்து நேரில் போனால், பத்துக்கு ஆறு இந்தப் பட்டைதான் என்று எங்கள் மேஸ்திரி கை காட்டுவார்.

புது பேட்டரி மாட்டுகிறவர்கள் கவனிக்க: சில வண்டி 12 வோல்ட், சில 24. ஓடும்போது 12, செல்ஃபுக்கு மட்டும் 24 என்று மாற்றிக்கொடுக்கும் சுவிட்ச் உள்ளவையும் உண்டு. பழைய சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

*டக் என்கிறது, சுற்றவில்லை*

செல்ஃப் போடும்போது 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி ஏழை. விழாமல் நின்றால் இரண்டு வழி உண்டு. கியரை நியூட்ரலில் போட்டு, முன்னால் ஹேண்டில் கொடுத்தோ ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்தோ மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் கோளாறு செல்ஃப் மோட்டாரில். கழற்றி ரிவைண்டிங் கடைக்கு அனுப்பிவிடலாம்.

சுற்றவில்லை என்றால் நிறுத்துங்கள். இன்னொரு வண்டியில் கயிறு கட்டி, டாப் கியரில் இழுத்துக் கிளப்பும் வீரம் நம் பக்கத்தில் அதிகம். சைலன்சர் வாய் திறந்தே கிடந்து, ஐப்பசி மழை உள்ளே இறங்கி, ஒரு சிலிண்டரில் தண்ணீர் நின்றிருந்தால், அந்த ஒரு இழுப்பில் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றுங்கள். தண்ணீர் இருந்தால் மெதுவாகச் சுற்றும்போது துளை வழியே பீய்ச்சி வெளியே வரும். வராவிட்டால் பிஸ்டன் ரிங் துருவேறி ஒட்டியிருக்கிறது. பாதி டீசல், பாதி இன்ஜின் ஆயில் கலந்து ஒவ்வொரு துளையிலும் ஒரு டம்ளர் ஊற்றி நாலு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள்; ஒரே திசையில் முக்காதீர்கள். ஒரு வாரம் ஊறியும் அசையாவிட்டால் சிலிண்டர்களுக்கு மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். அது மெக்கானிக் வேலை.

பழைய டிரைவர்கள் வண்டியை நிறுத்தினால் மேல் நோக்கிய சைலன்சர் வாயில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நாங்களும் அதையே செய்கிறோம்.

இன்ஜின் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை

புகை இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வேறு அர்த்தம் இல்லை.

முதலில் இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் குமிழ். டேஷில் இழுத்தபடி நிற்கிறதா, உள்ளே தள்ளினாலும் நாசில்களுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பின் பக்கத்து லீவர் திரும்பாமல் கேபிள் துருவில் பிடித்திருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் காற்று எடுத்து, விரல் எல்லாம் டீசலாகி, கடைசியில் பார்த்தால் அக்கா பையன் குமிழை இழுத்து விளையாடியிருக்கிறான்.

அது சரியாக இருந்தால் காற்று. டேங்க்கில் டீசல் கீழே இறங்கினாலோ ஒரு வாஷர் காய்ந்தாலோ லைனில் காற்று ஏறிவிடும். டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பின் கைக்குமிழைத் திருகித் தூக்கி அடியுங்கள். ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவை முதலில் தளர்த்துங்கள். நுரை நின்று கெட்டியாக டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து பம்ப் ஸ்க்ரூ. அதன் பிறகு நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் போட்டு, துளி துளியாகத் துப்புவதைப் பார்த்து இறுக்குங்கள். அந்த இடத்தில் விரலை வைக்க வேண்டாம். தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் அது.

*நுரை நிற்கவே இல்லை*

ஃபீட் பம்ப்பிலோ அதற்கு முன்னால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி உண்டு. ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, கேபினுக்கு மேல் உயரத்தில் வைத்து, புது டியூப் வழியாக ஃபீட் பம்ப்புக்கு நேராகக் கொடுங்கள். நுரை நின்றுவிட்டால் குற்றம் டேங்க்கிலோ லைனிலோ. நிற்காவிட்டால் ஃபீட் பம்ப்பில். லைனில் என்றால் முதலில் ரப்பர் ஹோஸ், அப்புறம் குழாய் முனையைப் பிடிக்கும் பேஞ்சோ போல்டின் காப்பர் வாஷர்கள். வாஷரைத் தூக்கி எறிய வேண்டாம். அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

*டீசல் வருகிறது, ஆனால் கறுப்பாக, கொழகொழவென்று*

டேங்க் அடியில் தண்ணீர் தேங்கி, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்திருக்கும். வடிகால் ஆணியைத் திறந்து முழுக்க வடியுங்கள். டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது டீசல் ஊற்றுங்கள். டேங்க்கில் ஓட்டை தெரிந்தால் "ஒரு சின்ன வெல்டிங்தானே" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். காலி டேங்க்கிலும் ஆவி இருக்கும்.

*டீசல் சுத்தம், காற்று இல்லை, அப்படியும் நாசிலுக்கு வரவில்லை*

பம்ப்பின் பக்கத் தகட்டை மட்டும் திறந்து, உள்ளே குறுக்காக ஓடும், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் தண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். பிடித்திருந்தால் மெல்லிய ஆயிலும் டீசலும் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். சுத்தியல் வேண்டாம், ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம்.

பிடித்த ரேக்கோடு கிளப்பிப் பார்க்கலாமே என்று நினைக்கவே கூடாது. டாடா-பென்ஸில் வாக்யூம் கவர்னர், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பை வைத்து ரேக்கை நகர்த்தும் அமைப்பு. இன்ஜின் நின்றதும் உள்ளே உள்ள ஸ்பிரிங், ரேக்கை முழு டீசல் பக்கம் தள்ளி வைத்துவிடும். மாதக்கணக்கில் நின்று ஒட்டினால் அது ஒட்டுவது முழு டீசலில்தான். இன்ஜின் எடுத்த மறுநொடி ஓலமிட்டுக்கொண்டு ஏறும், ஸ்டாப் இழுத்தாலும் நிற்காது. பலகை அதற்குத்தான். ஏர் கிளீனர் வாயை அடைத்தால் மூச்சு நின்று நிற்கும். கையால் மூடப் போகாதீர்கள்.

ஒரு நாளில் ரேக் விடவில்லையென்றால் பம்ப் கடை. அதற்கு மேல் நாம் திறக்கக் கூடாது. நான் ஒரு முறை அந்த எல்லையைத் தாண்டினேன். பம்ப்பைப் பிரித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் தள்ளும் எலிமெண்ட்டுகளை வரிசை மாற்றி வைத்துவிட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "தம்பி, பம்ப்புல கை வைக்காத. ஊட்டுக்குப் போயி டேங்க்கக் கழுவு" என்றார். அளவு பார்க்கும் மெஷின் கடையில்தான் இருக்கிறது. கண்ணால் அளக்க முடியாது.

வெள்ளைப் புகை தள்ளுகிறது, பிடிக்கவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. வேலூரில் குளிரைக் காரணம் சொல்ல முடியாது, மார்கழி விடியற்காலை தவிர. பெரும்பாலும் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

டாடா-பென்ஸின் பழைய இன்ஜினில், கிளப்பும் முன் சிலிண்டரைச் சூடாக்க ஹீட்டர் ப்ளக் உண்டு. காமெட்டில் தேட வேண்டாம், கிடையாது. அந்த ப்ளக்குகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. மாரியம்மன் திருவிழா சீரியல் செட் மாதிரி, ஒன்று போனால் எல்லாம் போச்சு. டேஷில் உள்ள சின்னக் கம்பிச் சுருள் சிவக்கிறதா பாருங்கள். சிவக்கவே இல்லையென்றால் ஒரு ப்ளக் அறுந்திருக்கிறது. ஒருவரை ஹீட்டர் சுவிட்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு ப்ளக்கின் இரண்டு முனையையும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். எந்த ப்ளக்கில் தொடும்போது டேஷ் சுருள் சிவக்கிறதோ, அதுதான் செத்தது. சுருள் வழக்கத்தைவிடச் சீக்கிரம், பளீரென்று சிவந்தால் ஒரு ப்ளக் உள்ளுக்குள் ஷார்ட். அப்படியே விட்டால் மற்றவையும் எரியும்.

ப்ளக்கும் பேட்டரியும் சரியென்றால் நாசில் ஒழுகுகிறது. ஆறையும் கழற்றி, எந்தச் சிலிண்டர் என்று எண் எழுதி, பம்ப் கடையில் செக் செய்யக் கொடுங்கள். அதுவும் சரியென்றால் கம்ப்ரஷன் போயிருக்கிறது. ரிங், வால்வு, லைனர் என்று பர்ஸைத் திறக்கும் இடம். அதற்கு முன் வால்வு இடைவெளி (கேப்) பார்த்துவிடுங்கள், செலவில்லாதது.

எடுத்துவிட்டது, ஆனால் ஐட்லிங்கில் ஏறி ஏறி இறங்குகிறது

எனக்கு ரொம்ப நாள் தண்ணி காட்டிய கோளாறு இது. வாக்யூம் கவர்னர் உள்ள வண்டியில்தான் வரும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்டேக்கில் உள்ள தகடு திரும்பும். அங்கிருந்து ஒரு சின்னக் குழாய் பம்ப்பின் பின்புறத்துக்குப் போகும். அதன் முடிவில் சவ்வு மாதிரி ஒரு டயஃப்ரம், அதுதான் ரேக்கை இழுக்கும். எங்கே காற்று கசிந்தாலும் இன்ஜின் ஊஞ்சல் ஆடும்.

முதலில் குழாயின் இரண்டு முனை, ரப்பர் இணைப்பு. வெடிப்பு இருந்தால் புது டியூப். அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் செய்ய வேண்டாம். வாக்யூம் இல்லையென்றால் ரேக் முழு டீசலுக்குப் போகும் என்று மேலே சொன்னதுதான்.

அடுத்து டயஃப்ரம். இன்ஜின் நின்றிருக்கும்போது பம்ப்பின் ஸ்டாப் லீவரை ஸ்டாப் பக்கம் தள்ளிப் பிடியுங்கள். வாக்யூம் குழாய் மாட்டும் துளையை விரலால் இறுக்க அடைத்துக்கொண்டு லீவரை விடுங்கள். லீவர் அங்கேயே நின்றால் டயஃப்ரம் நல்லது. சரசரவென்று திரும்பி வந்தால் கிழிந்திருக்கிறது, அல்லது காய்ந்திருக்கிறது. பழையவை தோல் டயஃப்ரம். நின்ற வண்டியில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். லேசாகக் காய்ந்தது என்றால் சில சொட்டு ஆயிலிலேயே மெத்தென்று ஆகி, வண்டி பல மாதம் ஓடும்.

எங்களுடையது கிழிந்துவிட்டது. தோலுக்கு நம் ஊரில் பஞ்சமா? ஆம்பூரில் ஷூ மேல்பாகத்துக்குப் போகும் தோலில் ஒரு துண்டு வாங்கி, பழையதை மேலே வைத்து வரைந்து, பிளேடால் அறுத்து, பெருமையாகப் போட்டேன். வண்டி எடுத்தது. ஐட்லிங் முன்னைவிட மோசமாக ஆடியது. காரணம் தடிமன். நான் போட்டது ஒரு பக்கம் கொஞ்சம் தடித்து, இன்னொரு பக்கம் மெலிந்து, நடுவில் வளையாமல் விறைத்து நின்றது. கடையில் கிடைத்த அளவான டயஃப்ரம் போட்டதும் இன்ஜின் சீராக முணுமுணுக்க ஆரம்பித்தது. அந்தத் தோல் துண்டு இன்றும் டேஷ் பெட்டியில் இருக்கிறது, சாவிக்கொத்தாக.

டயஃப்ரம் மாற்றியும் ஆடினால் இன்டேக்கில் உள்ள தகட்டின் தண்டு தேய்ந்திருக்கிறது. லேத் பட்டறையில் புஷ் போட்டுத் தருவார்கள். அதுவும் சரியென்றால் பம்ப் கடைதான்.

ஏறி இறங்காமல் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் ஆராயாதீர்கள், பலகையை எடுங்கள். நின்ற பிறகு எண்ணெய்க் குளியல் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தால் இன்ஜின் அதையே குடித்து ஓடும்.

ஏலகிரி பாதி ஏறுவதற்குள் கொதிக்கிறது

பொன்னேரி அடிவாரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு. எங்கள் வண்டிகளுக்கு இதுதான் பரீட்சை. சமவெளியில் கொதிக்காத வண்டி ஆறாவது வளைவில் மூடியைத் தூக்கும்.

ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அமுக்கினால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தாழ வேண்டும். அப்புறம் ரேடியேட்டரின் வெளிப்பக்கம்: பஞ்சு, வைக்கோல், குளவிக் கூடு. உள்ளிருந்து வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

அடுத்தது உப்பு. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே வெள்ளையாகக் கல் கட்டியிருக்கும். வண்டி சூடானதும் நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டர் முகத்தில் புறங்கையால் தடவிப் பாருங்கள். நடுவே குளிர்ந்த திட்டு இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்தவை. ரேடியேட்டர் கடையில் மேல் டேங்க்கைப் பிரித்துக் கம்பி விட்டு எடுப்பார்கள். எடுத்த பிறகு மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். மறுபடி போர் தண்ணீர் ஊற்றினால் மறுபடி கடைக்கு நடக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வைத்தியம். சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸில் சுற்றி, இன்னும் கொதிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, மாட்டிவிடலாம்.

குளிர்ந்த இன்ஜினை எடுத்ததும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டோ ஹெட் வெடிப்போ. ஏலகிரிக் கனவை மூட்டை கட்டிவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். வழியில் கொதித்தால் மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் ஓரத்தில் நிறுத்துங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதால் வெடித்த ஹெட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

சார்ஜ் விளக்கு அணையவில்லை

டைனமோ வண்டி இது. ஆல்டர்னேட்டர் நினைப்பில் பார்க்காதீர்கள். பெல்ட், பிரஷ், கம்யூட்டேட்டரில் அழுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் இல்லையென்றால், நெடுநாள் நின்றதில் உள்ளிருக்கும் காந்தம் மறந்துபோயிருக்கும். லூகாஸ் வகையில், டைனமோவின் எஃப் முனை வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து எஃப் முனையில் இரண்டு மூன்று முறை தட்டித் தட்டி எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், காந்தம் திரும்பும். பேட்டரியின் துருவத்தை மாற்றியவர்களும் இதைச் செய்தாக வேண்டும். அப்படியும் வராவிட்டால், டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டி. அதன் ஸ்பிரிங்கை நீங்கள் வளைக்காதீர்கள். மீட்டர் வைத்து அட்ஜஸ்ட் செய்யத் தெரிந்த பழைய எலக்ட்ரீஷியன் ஊரில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

பிரேக்

இங்கே பார்ப்பது மட்டும் நம் வேலை, பழுது பார்ப்பது இல்லை.

பெடல் தரையைத் தொட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் அளவு பாருங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரம் இருந்தால் வீல் சிலிண்டர் துருவேறியிருக்கிறது. அளவு குறைந்தது என்று இன்ஜின் ஆயிலையோ வேறு எதையோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் ஊறி வீங்கி, சக்கரம் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மொத்த ரப்பரும் மாற்ற வேண்டும்.

பெடல் கல் மாதிரி இருந்து வண்டி நிற்காவிட்டால், வாக்யூம் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஒட்டிப்போயிருக்கலாம். டீசல் வண்டியில் வாக்யூம் தருவது எக்ஸாஸ்டர் என்ற தனி பம்ப், அதன் பைப்பையும் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுற்றாத சக்கரத்தின் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம் திறக்கிறவர் தூசியைக் காற்று அடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் மெக்கானிக் கொட்டகைக்கு வரட்டும், வண்டி போக வேண்டாம். கயிறு கட்டி இழுத்துப் போவதும் வேண்டாம். ஒரு முறை சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஃபார்கோவை அப்படிக் கொண்டுபோனோம். முன்னால் இழுத்த டிராக்டர் வேகம் குறைத்ததும் ஃபார்கோ குறையவில்லை. டிராக்டரின் பின் தட்டுதான் எங்களுக்கு பிரேக்காக இருந்தது. தட்டுக்கும் பம்பருக்கும் ஆன செலவில் மூன்று முறை ரெக்கவரி வண்டி வைத்திருக்கலாம்.